33-உம் 29-உம்: எல்லையோர ரசீதுகளில் ஜி.எஸ்.டி. பாடம்

பதினொன்றாம் வகுப்பு வணிகவியலில் மறைமுக வரிகள் பாடம் வரும்போது, "மாநிலத்துக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும், மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் ஐ.ஜி.எஸ்.டி." என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவேன். தளியில் அது போதவில்லை. இங்கே பல வீடுகளில் சாமான் வாங்குவது எல்லை தாண்டி ஆனேக்கல்லில்தான்.

ஒரு மாணவி மிக்சி வாங்கிய ரசீதை நீட்டினாள். விலை ரூ.3,000, சி.ஜி.எஸ்.டி. 270, எஸ்.ஜி.எஸ்.டி. 270. "சார், கர்நாடகாவுலதானே வாங்கினோம், ஐ.ஜி.எஸ்.டி. இல்லையே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன்.

வாங்குபவர் எந்த ஊர்க்காரர் என்பது மட்டும் வரியை முடிவு செய்வதில்லை. விற்பவர் இருக்கும் மாநிலமும் 'வழங்கல் இடமும்' ஒன்றா, வேறா என்று பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவர் கடையில் நேரில் வாங்கி, ரசீதில் முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கும் இடமே வழங்கல் இடம். ஆகவே அந்த மாநில வரி 270 கர்நாடகத்துக்குப் போயிற்று. 2023 அக்டோபர் 1 முதல் ரசீதில் வாங்குபவரின் முகவரி, குறைந்தது மாநிலத்தின் பெயர் இருந்தால், அதுவே வழங்கல் இடம். 'தமிழ்நாடு' என்று எழுதியிருந்தால் ஐ.ஜி.எஸ்.டி. 540 ஆகி, அதில் பாதி நமக்கு வந்திருக்கும். அவள் அப்பா கொடுத்தது எப்படியும் 3,540தான்.

மறுவாரம் எல்லோரையும் ரசீது கொண்டுவரச் சொன்னேன். கடைப்பெயர் கன்னடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டைப் பார்த்தால் போதும்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம். அடுத்த பத்தும் பான் எண்.

பிறகு கணக்குப்பதிவுக்கு வந்தோம். தளியில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் பெங்களூரில் ரூ.10,000-க்குக் கடனுக்குக் கொள்முதல் செய்கிறார். வரி 18 சதவீதம்.

கொள்முதல் க/கு பற்று 10,000
உள்ளீட்டு ஐ.ஜி.எஸ்.டி. க/கு பற்று 1,800
கடனீந்தோர் க/கு வரவு 11,800

இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். 'உள்ளீட்டு வரி வரவு' என்று பெயர் வைத்துவிட்டுப் பற்றுப் பக்கம் எழுதச் சொன்னால் குழம்பாமல் என்ன செய்வார்கள்? அரசிடம் நமக்கு வர வேண்டிய சொத்து, சொத்து கூடினால் பற்று என்று சொன்ன பிறகே தெளிந்தது.

அதே சரக்கை அவர் தளியில் ரூ.12,000-க்கு விற்கிறார். சி.ஜி.எஸ்.டி. 1,080, எஸ்.ஜி.எஸ்.டி. 1,080. கையிலுள்ள 1,800-இல் சி.ஜி.எஸ்.டி.யை முழுதும் கழித்தால் மீதி 720. அதை எஸ்.ஜி.எஸ்.டி.யில் கழித்தால், ரொக்கமாகக் கட்ட வேண்டியது 360. மதிப்புக் கூடிய 2,000-க்கு 18 சதவீதமும் அதேதான். அந்த 720-ஐ மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு மாற்றித் தரும். சரக்கு புறப்பட்ட கர்நாடகத்துக்கு இதில் மாநில வரி எதுவும் நிற்காது.

"அப்போ ஓசூர்ல செய்யற வண்டிக்கு?" என்று ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் கேட்டான். வெளிமாநிலத்தில் விற்றால் மாநில வரி அங்கேதான். 2017 ஜூலை 1-க்கு முன் மத்திய விற்பனை வரி, சரக்கு புறப்படும் மாநிலத்துக்குக் கிடைத்தது. உற்பத்தி மாநிலங்கள் இழப்பை எண்ணி அஞ்சியதும், ஐந்தாண்டு இழப்பீடு 2022 ஜூனில் முடிந்ததும் அன்றைய விவாதமாயின.

கடைசி வரிசை மாணவன் ரோஜா விற்ற சீட்டைக் கொண்டுவந்திருந்தான். அதில் வரியே இல்லை. புதிதாகப் பறித்த பூவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரிவிலக்குக்கு இன்னொரு பாடவேளை தேவைப்பட்டது.