பறையொலியை இணையத்தில் விற்க 8 குறிப்புகள்

மலையூரான சோளக்காட்டில் இருந்தபடியே பறை, உறுமி, பம்பை அடிகளைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, ‘சாம்பிள் பேக்’ தொகுப்பாக வெளிநாட்டு இசையமைப்பாளர்களுக்கும் விற்கலாம். அது நல்ல விலைக்குப் போக:

1. பறையை அனலில் காய்ச்சியதும் பதிவுசெய்யுங்கள். மலைப்பனியின் ஈரத்தில் தோல் தொய்ந்து ஒலி மங்கிவிடும்.

2. சந்தை நாளையும் மழை நேரத்தையும் தவிருங்கள். வண்டி இரைச்சலும் தகரக் கூரைச் சத்தமும் பதிவில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கடினம்.

3. ஒவ்வோர் அடியையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி எனப் பலமுறை வாசியுங்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத்தனமாகக் கேட்கும்.

4. உச்ச ஒலியை மைனஸ் 6 டெசிபல் அளவில் நிறுத்துங்கள். அளவு மீறிச் சிதைந்த ஒலியைச் சீராக்குவது அரிது.

5. 24 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 ஆக்கினால் நுணுக்கம் குறையும்.

6. கோப்பின் பெயரில் கருவி, அடி, தாள வேகம் மூன்றையும் எழுதுங்கள். தேடுபவருக்கு உடனே கிடைக்கும்.

7. வாசித்த கலைஞரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, உரிய பங்கைக் கொடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அவருக்கும் உரிமை தருகிறது.

8. பேண்ட்கேம்ப், கம்ரோடு போன்ற தளங்களில் ஏற்றும்போது சில ஒலிகளை இலவசமாகக் கொடுங்கள்; பயன்பாட்டு உரிமத்தையும் தெளிவாக எழுதுங்கள். கேட்டுப் பார்த்தவரே நம்பி வாங்குவார்.