தெருவோரப் பிள்ளைகளுக்கு நம் சபை என்ன செய்யலாம்?

பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்புக்காக ரயிலேறிப் பெங்களூர் போவது நம்மவர் வாழ்க்கையாயிற்று. வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைக்கும் அதே ரயில்தான்.

1980-ல் பெங்களூரில் சலேசிய குருமாணவர்கள் தெருப் பிள்ளைகளைத் தேடிச் சென்று பழகினார்கள். அதிலிருந்து பிறந்ததே ‘பாஸ்கோ’. அதன் கன்னடப் பெயரிலுள்ள ‘ஓணி’ என்பதற்குச் சந்து என்று பொருள். நட்பு முதலில்; கட்டடம் பிறகு.

நம் சபைகளும் இப்படித் தொடங்கலாம்.

1. மாலையில் இருவர் இருவராக ரயில் நிலையம், பஸ் நிலையம் சென்று பழகுங்கள். தனியே எவரும் போக வேண்டாம்.

2. ஆதரவின்றி நிற்பவர் 18 வயதுக்குட்பட்டவரானால், 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். இரக்கப்பட்டு ஆலயத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பதிவு பெறாமல் சிறுவர் இல்லம் நடத்துவது குற்றம்.

3. பதினெட்டைக் கடந்தவருக்குப் படுக்க இடம், அடையாள அட்டை, கைத்தொழில் ஆகிய மூன்றும் வேண்டும்.

சோறு போடும்போது மதம் கேட்காதீர்கள். “ஏன் ஓடி வந்தாய்?” என்றும் உடனே கேட்காதீர்கள், நம்பிக்கை வந்தால் அவனே சொல்வான்.