நொதியமும் யூரியாவும்

அப்பத்துக்குக் கரைத்த மா விடியுமுன் நுரைத்துப் பொங்கி நிற்பதைக் கல்முனையிற் காணாத வீடில்லை. இதனை நொதித்தல் என்பர். இதனை நிகழ்த்தும் பொருளே நொதியம். ஜெர்மானிய அறிஞர் கூனே இப்பொருளுக்கு இட்ட பெயர் ‘மதுவத்தினுள் உள்ளது’ எனப் பொருள்படும். ஆயினும் நெல்லிலும், மண்ணிலும், நம் வயிற்றிலுங்கூட நொதியங்கள் உள. இவை பெரும்பாலும் புரதத்தாலானவை. தாமாக உயிருடையன அல்ல. ஒரு பொருளை வேறொன்றாக விரைந்து மாற்றுவிக்கும், தாம் செலவாகா.

ஊறிய விதைநெல்லைச் சாக்கினால் மூடி வைக்கும்போது அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளை வெல்லமாக்கி முளைக்கு உணவூட்டுகின்றது. குவியல் மிகச் சூடேறினால் நொதியம் பழுதாகி முளையும் அவிந்துவிடும்.

கமக்காரரின் பணத்தைக் காப்பதும் கரைப்பதும் மற்றொரு நொதியம். அது யூரியேசு. அமெரிக்க அறிஞர் சம்னர் 1926இல் வாளவரை இனத்து விதையிலிருந்து இதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1946இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். வயல் மண்ணில் நுண்ணங்கிகளே இதனை ஆக்குகின்றன. நாம் இடும் யூரியாவை யூரியேசு சில நாட்களுள் அமோனியாவாக மாற்றும். அம்மாற்றம் மண்ணுள் நிகழ்ந்தால் மண் அதனைப் பிடித்து வைத்துப் பயிருக்கு அளிக்கும். தேங்கிய நீரில் நிகழ்ந்தாலோ, பாசியும் நண்பகல் வெயிலும் சேர்ந்து, அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலந்துவிடும்.

50 கிலோ மூடையொன்றில் உள்ள நைதரசன் 23 கிலோ மாத்திரமே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது அம்மூடையின் அருமையை எல்லோரும் அறிந்தனர்.

ஆகையால் நீர் நிற்கையில் யூரியா எறிதல் வேண்டா. வக்கடையைத் திறந்து நீரை வடித்து, சேற்றின்மேல் தூவி, பின்பு நீரைக் கட்டுக. மீண்டும் தண்ணீர் கிடையாதென்று அஞ்சுவோர், வாய்க்காலில் தம் முறைத் தண்ணீர் வருவதற்கு முந்திய நாள் இதனைச் செய்யலாம். இலையிற் பனியிருக்கும் வேளையைத் தவிர்த்துக்கொள்க; ஈர இலையில் ஒட்டும் யூரியா இலையைக் கருக்கும்.

கடலோர மணலிற் கத்தரி, மிளகாய் செய்வோருக்கு இரு வகை நட்டமுண்டு: மேலே கிடந்தால் அமோனியா பறக்கும், நீர் மிகுந்தால் நைதரசன் வேருக்குக் கீழே கழுவப்படும். செடியைச் சுற்றிச் சிறு சாலிட்டு, யூரியாவைப் பலமுறை சிறிது சிறிதாக இட்டு மண்ணால் மூடி, அளவாக நீர் ஊற்றுக.