ஆந்தைக் கண் ஆட்-ஆன்: முதல்முறை செய்பவருக்கு முழுமையான வழிகாட்டி

லாஸ் வேகாஸில் நடக்கும் டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் பலர் கழுத்தில் சர்க்யூட் போர்டையே பேட்ஜாக மாட்டிக்கொண்டு திரிவார்கள். அதில் செருகும் குட்டிப் போர்டுதான் சிம்பிள் ஆட்-ஆன், சுருக்கமாக எஸ்ஏஓ. முதலில் நான்கு பின் இருந்தது, பிறகு ஆறானது. நாம் செய்யப்போவது எல்இடிக் கண் எரியும் ஆந்தை முகம்; அதற்கு இரண்டு பின் போதும்: 3.3 வோல்ட், கிரவுண்ட். மற்ற நான்கும் டேட்டாவுக்கு; இப்போதைக்குத் தொடாதீர்கள்.

வாங்க வேண்டியவை

இரட்டை வரிசை ஹெடர் பின், சிவப்பு எல்இடி 2, 330 ஓம் ரெசிஸ்டர் 2 (ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் கோடு), டாட் போர்டு ஒரு துண்டு. போர்டை 'டபுள் சைடு' என்று கேட்டு வாங்குங்கள். கண் முன்பக்கம், பின் பின்பக்கம் என்பதால் இரண்டு பக்கமும் பற்றவைக்க வேண்டிவரும்.

நீலக் கண் ஆசை வேண்டாம். நீல எல்இடிக்கே சுமார் 3 வோல்ட் போய்விடும். பேட்டரி இறங்கினால் ஆந்தை தூங்கிவிடும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். மிச்சம் 1.3 வோல்ட்டை ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டு, கண்ணுக்கு 4 மில்லிஆம்பியர் மட்டும் விடும்.

திருப்பும் முன் குறியுங்கள்

சறுக்குவது இங்கேதான். போர்டைத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். என் முதல் ஆந்தைக்குப் பின்பக்கம் பார்த்தே பின்னை எண்ணினேன். ஒயர் இரண்டும் தப்பான பின்னில் உட்கார்ந்து, கண் திறக்கவே இல்லை. பேட்ஜில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, முன்பக்கத்திலேயே மார்க்கரால் பிளஸ், மைனஸ் போட்டுவிடுங்கள்.

பற்றவைத்தல்

பிளஸ் பின்னிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ரெசிஸ்டர். அயர்ன் நுனியால் செம்பையும் காலையும் சேர்த்துச் சூடாக்கிய பிறகே ஈயத்தைக் காட்டுங்கள். கோபுரம்போல் பளபளவென்று நிற்க வேண்டும். உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை.

சோதனை

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே தொடுங்கள். கத்தினால் எங்கோ ஈயம் ஒட்டியிருக்கிறது. கத்தாவிட்டாலும் உடனே பேட்ஜில் செருகாதீர்கள். இரண்டு டபுள்-ஏ பேட்டரியை வரிசையாக வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கண் எரிந்த பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையில் ஆந்தை முகம் வெட்டி ஒட்டி, பேட்ஜை அணைத்துவிட்டுச் செருகுங்கள்.