கைராசியா, அறிவா? – சாக்லெட் சிப் குக்கி கற்பிக்கும் பாடம்

முன்னுரை

வீட்டில் செய்த பலகாரம் நன்றாக அமைந்துவிட்டால், "அவள் கைராசி அப்படி" என்று சொல்வது நம்மவர் வழக்கம். அமையாமற் போனால், "இன்றைக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லி விட்டுவிடுவோம். இரண்டு பேச்சிலும் செய்தவளின் அறிவுக்கு இடமே இல்லை. ஆனால் அடுப்படியில் நடப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் அறிந்து செய்பவளுக்குப் பலகாரம் இன்றும் நன்றாக வரும். நாளையும் நன்றாக வரும். இந்த உண்மையைச் சாக்லெட் சிப் குக்கி என்னும் சிறு தின்பண்டத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தோழிகள் தத்தம் வீட்டில் செய்து பார்க்கும்படி அளவும் முறையும் உடன் தந்திருக்கிறேன்.

குக்கி பிறந்த கதை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்றோர் ஊர் உள்ளது. அங்கே ரூத் வேக்ஃபீல்ட் என்ற பெண்மணியும் அவர் கணவர் கென்னத்தும் 1930ஆம் ஆண்டில் ஒரு பழைய வீட்டை வாங்கி, 'டோல் ஹவுஸ் இன்' என்ற பெயரில் உணவு விடுதி நடத்தினார்கள். அந்த விடுதியின் சமையலறையில்தான் இந்தக் குக்கி பிறந்தது.

அது பிறந்த விதத்தைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. ஒருநாள் சமையல் சாக்லெட் தீர்ந்து போயிற்றாம். அவசரத்துக்கு வேறு சாக்லெட்டை உடைத்துப் போட்டாராம். அது உருகி மாவெங்கும் பரவிவிடும் என்று எண்ணினாராம். ஆனால் அது துண்டு துண்டாகவே நின்றுவிட்டதாம்!

கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் ரூத் யார் என்று அறிந்தபின் அதை நம்ப மனம் வருவதில்லை. அவர் 1924ஆம் ஆண்டில் ஃப்ரேமிங்ஹாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனையியல் கற்றுத் தேறியவர். உணவியல் வல்லுநராகப் பணியாற்றியவர். மனையியல் கற்பித்தவர். சமையல் நூல் எழுதியவர். கெட்டியான மாவுக்குள் சாக்லெட் துண்டு என்ன ஆகும் என்பது இத்தகையவருக்கா தெரியாது? பிற்காலத்தில் அவரே உண்மையைச் சொன்னார். ஐஸ்கிரீமுடன் பருப்பு போட்ட மெல்லிய குக்கி ஒன்றை விடுதியில் பரிமாறி வந்தார்களாம். அதை எல்லோரும் விரும்பினாலும், வேறு புதிதாக ஏதேனும் தரவேண்டும் என்று முயன்றதன் பயனே இது என்றார்.

1938ஆம் ஆண்டில் வந்த அவருடைய சமையல் நூற்பதிப்பில் இதன் செய்முறை இடம்பெற்றது. 1939இல் நெஸ்லே நிறுவனம் தன் சாக்லெட் உறையில் அச்சிட அவரிடம் உரிமை பெற்றது. ரூத் 1977இல் காலமானார். அந்த விடுதிக் கட்டடம் 1984இல் தீக்கிரையாயிற்று. 1997இல் மாசசூசெட்ஸ் மாநிலம் சாக்லெட் சிப் குக்கியைத் தன் அதிகாரபூர்வ குக்கியாக அறிவித்தது. இவ்வளவு பெருமை பெற்ற ஒன்றை, கற்ற ஒரு பெண்ணின் முயற்சி என்று சொல்லாமல் 'தற்செயல்' என்றே இன்னமும் பலர் சொல்லி வருவது வியப்பல்லவா?

வேண்டிய பொருள்கள் (சுமார் 25 குக்கிகளுக்கு)

மைதா – 150 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 115 கிராம்
வெள்ளைச் சர்க்கரை – 75 கிராம்
பழுப்புச் சர்க்கரை – 80 கிராம் (கிடைக்காவிட்டால் நாட்டுச் சர்க்கரை)
முட்டை – 1
சமையல் சோடா – அரைத் தேக்கரண்டி
உப்பு – அரைத் தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – அரைத் தேக்கரண்டி
சாக்லெட் சிப்ஸ், அல்லது கத்தியால் நறுக்கிய சாக்லெட் – 150 கிராம்

கடையில் வாங்கும் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு சேர்ந்தே இருக்கும். அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்புப் போட வேண்டாம்.

செய்முறை

மைதா, சோடா, உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்துக் கொள்ளவும். வெண்ணெயையும் இருவகைச் சர்க்கரையையும் மரக்கரண்டியால் நிறம் வெளுத்து இலேசாகும்வரை குழைக்கவும். முட்டையையும் எசன்ஸையும் சேர்த்து அடிக்கவும். பிறகு மைதாவைச் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவுடன் நிறுத்திவிடவும். சாக்லெட்டைக் கலந்து, பாத்திரத்தை மூடிக் குளிர்பெட்டியில் குறைந்தது ஒரு மணி நேரம் வைக்கவும்.

பின்பு பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கி, இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கவும். முன்பே 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் 9 முதல் 11 நிமிடம் வேகவிடவும். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் மெதுவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள் அடி கனத்த பழைய பாத்திரத்தில் ஓர் அங்குலம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி ஒன்றை வைத்து மூடி, பத்து நிமிடம் சூடாக்கியபின் தட்டை உள்ளே வைக்கலாம். நேரம் சற்றுக் கூடும். ஓரத்தின் நிறமே நமக்குக் கடிகாரம். பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நலம்.

ஏன், எதற்கு?

இனி, மேலே சொன்னவற்றின் காரணங்களைக் காண்போம்.

வெண்ணெய்: அந்நாட்டுச் சமையல் நூல்கள், வெண்ணெய் 'அறை வெப்பநிலையில்' இருக்கவேண்டும் என்று எழுதும். அது அவர்கள் ஊர் அறை! குழைப்பதற்கு ஏற்றது சுமார் 20 டிகிரி. வெண்ணெய் 35 டிகிரியை நெருங்கும்போது உருகிவிடும். நம் சித்திரை வெயிலில் மேசைமீது வைத்தால் அது எண்ணெயாகவே ஓடும். எனவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, விரலால் அழுத்தினால் குழிவிழும் பதம் வந்தவுடன் குழைக்கத் தொடங்க வேண்டும். சர்க்கரைப் பரல்கள் கெட்டி வெண்ணெயில் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்கும். உருகிய வெண்ணெயில் காற்று தங்காது.

சர்க்கரை: வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்பைத் தரும். பழுப்புச் சர்க்கரையில் மொலாசஸ் என்னும் கரும்பாகு உண்டு. அது ஈரத்தைப் பிடித்து வைத்து மென்மை தரும். ஆகவேதான் இரண்டும் வேண்டும்.

சோடா: கரும்பாகில் சிறிது அமிலத்தன்மை உண்டு. அதனுடன் சோடியம் பைகார்பனேட் சேர்ந்தால் கரியமில வாயு வெளிப்பட்டு மாவை உப்பச் செய்யும். நாம் வேதியியல் பாடத்தில் படித்த அதே வினைதான். சோடா கூடினால் சவர்க்காரச் சுவை வந்துவிடும்.

கலக்குதல்: மைதாவை அதிகம் பிசைந்தால் குளூட்டன் என்னும் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும், குக்கிக்கு வேண்டாம்.

குளிரவைத்தல்: எங்கள் வீட்டில் ஒரே மாவை மூன்று பங்காக்கிப் பார்த்தோம். உடனே வேகவைத்தது அப்பளம்போல் பரவியது. ஒரு மணி நேரம் குளிர்ந்தது வட்டமாக நின்றது. மறுநாள் வேகவைத்தது நிறத்திலும் சுவையிலும் எல்லாவற்றையும் வென்றது. குளிர்ந்த வெண்ணெய் மெல்ல உருகுவதால், மாவு பரவுமுன் ஓரம் வெந்து இறுகிவிடுகிறது. இரவு முழுதும் காத்திருந்த மாவில் ஈரம் எங்கும் சீராக ஊறிவிடுகிறது. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது பொய்யல்ல.

நிறம்: சூட்டில் சர்க்கரையும் புரதமும் கூடிப் பொன்னிறத்தையும் நறுமணத்தையும் தருகின்றன. 1912இல் இதனை ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் பெயரால் இது 'மயார் வினை' எனப்படுகிறது. தோசை முறுகுவதிலும் இதற்குப் பங்குண்டு.

இறக்கியபின்: அடுப்பிலிருந்து எடுத்த பின்னும் உள்ளிருக்கும் சூட்டில் குக்கி வெந்துகொண்டே இருக்கும், ஆற ஆற இறுகும். மெதுவாக இருக்கிறதே என்று மறுபடியும் உள்ளே வைத்தால் ஆறியபின் கடிக்கப் பல் போதாது.

சாக்லெட்: துண்டுகள் உருகியும் ஓடாமல் நிற்பது எவ்வாறு? அவற்றிலுள்ள கொக்கோ வெண்ணெய் இளகினாலும், கொக்கோத் துகளும் சர்க்கரையும் அதைக் குழம்பாக நிறுத்தி வைக்கின்றன. சுற்றிலும் இறுகிவரும் மாவு வேலியாகிறது. ரூத் அறிந்திருந்தது இதைத்தான்.

முடிவுரை

அதிரசப் பாகின் சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்க்கும் நம் பாட்டிமாரும் வெப்பமானி இல்லாமலே வெப்பத்தை அளந்தவர்கள்தாம். அதைக் கைராசி என்று சொல்லிவிட்டால் அவர்கள் கற்றது மறைந்துபோகும். அடுத்தவர்க்குக் கற்பிக்கவும் முடியாது.

பத்தாம் வகுப்பை முடித்து, மேல்நிலை வகுப்பில் மனையியல் பாடத்தைத் தேர்ந்தெடுப்பவளைப் பார்த்து, "சமைப்பதற்குமா படிப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. ஒரு தட்டுக் குக்கியை நீட்டி, அதன் ஓரம் ஏன் மொறுமொறுப்பாகவும் நடு ஏன் மென்மையாகவும் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாமல் அவர்கள் இரண்டாவது குக்கியை எடுக்கும்போது, நீங்களே விளக்குங்கள். அளவையும் காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் தங்கைக்கு அது கைராசியைவிட நல்ல சீதனம்.