நிற்கும் பைக்கே செலவு வைக்கும்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் சிப்காட் ஷிஃப்டுக்கு ஒரு பைக், ஊருக்குப் போய்வர இன்னொன்று என்று வைத்திருப்பவர்கள், ஓடாத வண்டி தேயாது என்று நம்புகிறார்கள். உண்மையில் நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். காற்று இறங்கிய டயர் ஒரே இடத்தில் அமுங்கி உருக்குலையும். தினமும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா? போதாது. செல்ஃப் எடுத்துக்கொண்ட சார்ஜ்கூடத் திரும்பாது. சூடேறாத சைலன்ஸருக்குள் நீர் தங்கித் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை பாகலூர் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டுமுன் இரண்டாவது வண்டியின் இன்ஷூரன்ஸ் தேதியையும் பாருங்கள். காலாவதியானால் முதல்முறை அபராதமே 2,000 ரூபாய்.