வன்னியில் வெண்பா விற்கவில்லையா?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கணினி பயிலும் இளைஞரிடையே ஓர் அபிப்பிராயம் சில காலமாக உலாவி வருகின்றது. 'வெண்பா' என்னும் கணினி விளையாட்டு, தமிழ்க் குடும்பமொன்றின் கதையாக இருந்தும், இலங்கையில் ஒரு பிரதிகூட விற்கவில்லையாம். ஆகையால் தமிழர் தமக்கென்று செய்யப்பட்ட விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கமாட்டார்களாம். ஆகையால் அத்தகையதொன்றைச் செய்யப் புறப்படுவது வீண் பிரயாசையாம். சென்ற மாதம் மட்டும் இதனை மூவர் வாயால் கேட்டேன். மூன்றாமவன் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் மாணாக்கன். "தம்பி, இந்தக் கணக்கை எண்ணினது ஆர்?" என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லினம், ஐயா" என்றான். பொறியியல் படிக்கும் ஒருவன் இந்தப் பதிலோடு திருப்தியடைந்து நின்றதே எனக்கு மிகுந்த விசனத்தைத் தந்தது.

விளையாட்டை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1988ஆம் ஆண்டில் கனடாவிற் குடியேறியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண், தாயார் எழுதித்தந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து நிரப்பி, இட்டலியும் புட்டும் ஆக்குவதே அதன் போக்கு. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதனை 2023 யூலை 31இல் வெளியிட்டது. மறு ஆண்டில், முதற்படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

இனி, அந்தப் பூச்சியத்துக்கு வருவோம். கணினி விளையாட்டுகளின் பெருஞ்சந்தையாகிய ஸ்டீம், எந்த விளையாட்டு எந்தத் தேசத்தில் எத்தனை பிரதி விற்றது என்பதை உலகத்துக்கு அறிவிப்பதில்லை. அந்த விபரம் விளையாட்டைச் செய்தவரிடம் மாத்திரமே செல்லும். வெளியாருக்குத் தெரிவன வாங்கியவர்கள் எழுதும் விமர்சனங்கள். அவற்றின் தொகையைச் சிலர் முப்பதாலும் சிலர் ஐம்பதாலும் பெருக்கி, விற்பனை இவ்வளவு என்று அனுமானிப்பர். அந்த அனுமானத்தை உலகம் முழுவதற்கும் ஒருவாறு ஒப்புக்கொண்டாலும், அதனைத் தேசம் தேசமாகப் பிரிப்பதற்கு நம்பத்தக்க வழியில்லை. ஏனெனில் விமர்சனத்தின் மேல் மொழி குறிக்கப்பட்டிருக்குமேயன்றி ஊர் குறிக்கப்பட்டிராது. மாங்குளத்திலிருந்து ஒருவன் ஆங்கிலத்தில் எழுதினால், அவன் லண்டனிலிருந்து எழுதியவனோடு சேர்த்தே எண்ணப்படுவான். செர்கேய் கல்யோன்கின் என்பவர் நடத்திய ஸ்டீம்ஸ்பை என்னும் கணிப்பகம்கூட, பயனாளரின் விளையாட்டுச் சேகரத்தைப் பிறர் பார்க்கவியலாதபடி ஸ்டீம் 2018 ஏப்பிரலில் மறைத்தபோது, தன் பழைய ஆதாரத்தை இழந்தது. இத்துறையிலேயே ஊறியவர்களுக்குக் கிட்டாத இலக்கம், நம் ஊர்த் தேநீர்க் கடையில் எவ்வாறு கிட்டிற்று?

விற்பனை எழுதப்படும் தேசம் எது என்பதையும் ஒருவரும் விசாரிப்பதில்லை. நெல் விளைச்சலை மதிப்பிடும் உத்தியோகத்தில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் ஆகையால், எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்லுகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழ் பெரும்போகத்தில் விளைந்த நெல், வயல் வரம்பிலேயே வியாபாரியின் லொறியில் ஏறி, பொலன்னறுவை ஆலையில் அரிசியாகி, அந்த ஆலையின் பெயர் பொறித்த பையிற் கிளிநொச்சிக் கடைக்கே திரும்பி வருவதுண்டு. பையிலுள்ள ஊர்ப் பெயரை வாசித்துவிட்டு, கிளிநொச்சியில் நெல் விளைவதேயில்லை என்று சொல்பவனை நாம் என்னவென்போம்? விளைச்சலை அறிய விரும்பியதனால்தான், வயலில் ஒரு துண்டை அளந்து, வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்த்தோம். விளையாட்டுக்கும் இதுவே பொருந்தும். முல்லைத்தீவில் எனக்குத் தெரிந்த வீடொன்றில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மூத்த மகன் தன் மடிக்கணினியில் வெண்பாவைக் கொண்டுவந்தான். அம்மம்மா முதற்கொண்டு வீடு முழுவதும் சுற்றியிருந்து, புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எந்த ஒழுங்கில் இடுவதென்று வாதாடி விளையாடினார்கள். அந்தப் பிரதி கனடாவின் கணக்கிலே ஏறியது. பணம் செலுத்திய அட்டை எந்தத் தேசத்ததோ அந்தத் தேசத்துக்கே விற்பனை எழுதப்படும். கண்ணும் கையும் எங்கே இருந்தன என்பதை எந்த ஏடும் குறிப்பதில்லை.

கடையே திறவாத இடத்தில் விற்பனை எவ்விதம் நிகழும்? சோனியின் பிளேஸ்டேசன் கடைக்கு இலங்கைப் பிரிவு இல்லை. நின்ரெண்டோவின் இணையக் கடைக்கும் இல்லை. 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' என்னும் விளையாட்டுக்கு பிளேஸ்டேசன் கணக்கைக் கட்டாயமாக்க சோனி முயன்றபோது, அக்கணக்கைத் திறக்க வசதியில்லாத 177 தேசங்களிலும் பிரதேசங்களிலும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. அந்நிறுவனங்களின் விளையாட்டுக் கருவிகளை வைத்திருக்கும் நம்மவர் வேறு தேசத்தின் பெயரிற் கணக்குத் திறந்தே வாங்குகின்றனர். வாங்கியதும் அத்தேசத்தவராக எண்ணப்படுகின்றனர். இவ்வாறு பிறந்த பூச்சியத்தை வன்னி இளைஞரின் சுபாவத்துக்குச் சாட்சியாகக் கொள்வது அநியாயம்.

விலையையும் நினைக்கவேண்டும். வெண்பாவின் அமெரிக்க விலை 14.99 டொலர். 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. ஸ்டீம் நம்மை நேபாளம், பங்களாதேசம், பாகிஸ்தான், பூட்டான் ஆகியவற்றோடு ஒரே தெற்காசிய விலைப் பகுதியிற் சேர்த்திருப்பது சிறிது சகாயம். மேலும், 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஜனத்தொகை மூன்றும் கூடி நான்கு லட்சத்துக்குக் குறைவு. எத்தனை பேருள் எத்தனை பேர் என்று கேளாமல், கோடிக்கணக்கானோர் வாழும் தேசத்தின் விற்பனையோடு நம்முடையதை ஒப்பிடுவது கணிதமாகாது.

ஏனைய நம்பிக்கைகள் அதிக நேரத்துக்குத் தகுதியுடையனவல்ல. மலிவான விலைப் பகுதியில் விற்கப்படுவது தரங்குறைந்த பிரதி என்பர் சிலர். விளையாட்டு ஒன்றே, விலை மட்டும் வேறு. யப்பானில் பமிற்சு என்னும் சஞ்சிகை வாராவாரம் வெளியிடும் பட்டியலிற் காணாத விளையாட்டு அங்கே விற்கவில்லை என்பர். அப்பட்டியல் கடையிற் பெட்டியாக விற்றவற்றையே பிரதானமாக எண்ணுவது. வெண்பா வெளியான அன்றே எக்ஸ்பொக்ஸின் சந்தாத் திட்டத்திலும் கிடைத்தது. சந்தா கட்டி அதனை விளையாடியவரை விற்பனைக் கணக்கிலே தேடுவதும் இதே வகையான பிழை.

கணக்கு நம்மிடமிருந்தே பிறக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய வற்புறுத்தல். நம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிற் பதிவேடு எழுதுவோர் இருந்தார்கள். யுத்தம் ஏடுகளை அழித்தது, பின்னர் எழுதும் பழக்கமும் தளர்ந்தது. ஒவ்வொரு பிரதேச சபை நூலகமும் ஒரு கணினியை ஒதுக்கி, இத்தகைய விளையாட்டுகளை நேர்வழியில் விலைகொடுத்து வாங்கி வைத்து, பக்கத்தில் ஒரு கொப்பியையும் வைக்கட்டும். இன்ன நாள், இன்ன வயது, எத்தனை பேர் கூடியிருந்து விளையாடினர், முன்பு எங்கே விளையாடினர், அப்போது எந்தத் தேசத்து அட்டையால் வாங்கப்பட்டது என்னும் ஐந்து நிரல்கள் போதும். நிரல்களை அடிமட்டம் வைத்துக் கோடிட்டு, ஒரு கொப்பியை அந்த மாணாக்கனிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வரியாக முல்லைத்தீவு வீட்டை எழுதச் சொல்லியிருக்கிறேன்.